சுவர் அசையாதவரை லாபம்

"பிரசங்கம் தெளிவாக ஓடுகிறது. பாடலுக்காக விளக்கைக் குறைத்ததும் போதகரின் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. பிட்ரேட்டைத் தொடவே இல்லையே, ஏன்?" தேவாலய ஆராதனையை இணையத்தில் ஒளிபரப்பும் வாசகர் ஒருவரின் கேள்வி இது.

பிட்ரேட் என்பது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு. முதலில் கணக்கு. 1920-க்கு 1080 அளவுள்ள படத்தில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். பிக்சலுக்கு 3 பைட், நொடிக்கு 30 படங்கள். 40 நிமிடப் பிரசங்கத்தைச் சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 448 ஜிகாபைட்! நொடிக்கு 2.5 மெகாபிட் என்று சுருக்கினால் 750 மெகாபைட்தான். நிறத்தின் நுணுக்கம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதால் அதைக் குறைத்தே அந்த 448 ஜிகாபைட்டில் பாதி போய்விடுகிறது. அது சில்லறைச் சேமிப்பு. பெரிய சேமிப்பு வேறிடத்தில் இருக்கிறது.

2003-இல் வந்த எச்.264 என்ற காணொளிச் சுருக்க முறை, படத்தை 16-க்கு 16 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் பார்த்து "உன்னை ஏற்கெனவே எங்கே பார்த்தேன்?" என்று தேடுகிறது. பின்சுவரா? "முன்பு போலவே" என்ற குறிப்போடு வேலை முடிந்தது. போதகர் கையை உயர்த்துகிறாரா? "சட்டைக் கையை ஆறு பிக்சல் மேலே நகர்த்து" என்ற கட்டளையும் சிறு திருத்தமும் போதும். நகர்வைக் கால் பிக்சல் வரை துல்லியமாகச் சொல்ல முடியும். கை விலகியதும் அதன் பின்னால் மறைந்திருந்த சுவர் வெளிப்படுமே, அது முந்தைய படத்தில் இல்லையே? அதற்குத்தான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம்: பின்னால் வரவேண்டிய படத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, நடுவிலுள்ள படத்தை இருபுறமிருந்தும் கடன் வாங்கி நிரப்புகிறது. நாம் பார்க்கும் வரிசை வேறு, படங்கள் வந்து சேரும் வரிசை வேறு.

இப்போது விளக்கைக் குறையுங்கள். கேமரா தன் சமிக்ஞையைப் பெருக்குகிறது, புள்ளி புள்ளியாக இரைச்சல் எழுகிறது. ஒவ்வொரு படத்திலும் அது புதிது. அசையாத சுவர் இனி "முன்பு போலவே" இல்லை. சுவரின் புள்ளிகளுக்கே பிட்டுகள் கரைந்துபோக, முகத்துக்கு மிச்சம் கிடைப்பதில்லை.

பிட்ரேட்டைக் கூட்டினால் எல்லாப் பிணியும் தீரும் என்பது என்னைப் பொறுத்தவரை மூடநம்பிக்கை. முகத்தில் வெளிச்சம் விழட்டும், கேமரா முக்காலியில் நிற்கட்டும். நேரலைக்கு நிலையான பிட்ரேட் வையுங்கள். 2 நொடிக்கொரு முழுப்படமும் (வேறு படத்திடம் கடன் வாங்காதது) வேண்டும், நடுவில் வந்து சேர்பவர் அதிலிருந்துதான் பார்க்கத் தொடங்க முடியும். பிறகு பகிரும் கோப்புக்குப் பிட்ரேட்டைக் கட்டாமல் தரத்தைக் கட்டுங்கள். எச்.264 முறையில் சுருக்கும் எக்ஸ்264 மென்பொருளில், தரத்தைக் குறிக்கும் சிஆர்எஃப் என்ற எண்ணுக்கு 23 நல்ல தொடக்கம். எண்ணை 6 கூட்டினால் கோப்பு ஏறத்தாழப் பாதியாகும்.

பேச்சொலிக்கு, ஏஏசி என்ற ஒலிச் சுருக்க முறையில், ஒற்றைத் தடத்தில் நொடிக்கு 96 கிலோபிட் தாராளம். பின்னணியில் மின்விசிறி சுழன்றால் மட்டும் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடுங்கள். எச்.264-க்கு நகர்த்தத்தான் தெரியும், சுழற்றத் தெரியாது.