அந்தப் புத்தகத்தில் உங்கள் தாத்தா இல்லை

போன வாரம் சூரமங்கலத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். மெட்ராஸ் ரெஜிமென்டின் வரலாறு என்று ஒரு தடித்த பழைய புத்தகத்தை ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். ராத்திரி முழுக்கப் புரட்டியும் கொள்ளுத்தாத்தா பெயர் கிடைக்கவில்லை. “அக்கா, நம்மாளுங்க பேரை வேணும்னே மறைச்சிருக்காங்க” என்றார். இதே பேச்சோடு இந்த வருஷம் வந்தவர்களில் இவர் ஒன்பதாவது ஆள். பட்டாளத்துக் காகிதங்களைப் படித்துச் சொல்லி ஆளைத் தேடித் தருவதுதான் என் பிழைப்பு என்றாலும் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு.

ரெஜிமென்ட் வரலாறு வாக்காளர் பட்டியல் இல்லை. பழைய வரலாறுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள், வாங்கிப் படித்தவர்களும் அவர்களுடைய சகாக்கள்தான். யார் எந்த வருஷம் கமாண்டிங் ஆபீசராக இருந்தார், மெஸ்ஸில் என்ன வெள்ளிக் கோப்பை இருந்தது என்பதெல்லாம் விலாவாரியாக வரும். சுபேதார், ஜமேதார் என்ற இந்திய அதிகாரிகளின் பெயர்கள் அங்கங்கே தலைகாட்டும். சிப்பாய் பெயர் வர வேண்டுமென்றால் அவர் வீரப் பதக்கம் வாங்கியிருக்க வேண்டும், போருக்குப் போன எல்லோருக்கும் கொடுத்த மெடல் அதில் சேராது. மற்றபடி அவர் ஓர் எண்ணிக்கை, அவ்வளவுதான். அன்றன்றைக்கு எழுதிய போர் நாட்குறிப்பிலேயே ‘ஐ.ஓ.ஆர். மூன்று’ என்கிற ரீதியில்தான் இருக்கும். இந்தியன் அதர் ரேங்க்ஸ், அதாவது அதிகாரி அல்லாத இந்திய வீரர்கள் என்பதன் சுருக்கம் அது. புத்தகம் எழுதியவர் அந்த நாட்குறிப்பைப் பார்த்துத்தான் எழுதினார், அதில் இல்லாத பெயரை அவர் எங்கே போய் எடுப்பார்? சில ஊர்களில் சுவரில் பதித்த ஒரு கல்லைப் பார்த்திருப்பீர்கள். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில் இருக்கும். அதிலும் எண்தான். சொந்த ஊர்க் கல்லிலேயே பெயர் இல்லையே, அப்புறம் புத்தகத்தைக் கோபித்து என்ன செய்ய?

அதற்காகப் புத்தகம் வீண் என்று சொல்லவில்லை. உங்கள் தாத்தாவின் பட்டாலியன் எந்த மாதம் எந்தத் துறைமுகத்தில் இறங்கியது, எங்கே பாலம் கட்டியது, எங்கே அடி வாங்கியது என்று அதில்தான் தெரியும். ஆனால் அது அவருடைய பட்டாலியன்தானா என்று முதலில் தெரிய வேண்டாமா?

தம்பி விஷயத்தில் புத்தகமே தப்பு. வீட்டில் மிச்சம் இருந்தது முதல் உலகப்போர் விக்டரி மெடல் ஒன்று, வெண்கலம். கூடவே வந்திருக்க வேண்டிய வெள்ளி மெடல் எங்கே என்றேன். அத்தை கல்யாணத்துக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொடுத்து உருக்கிக் கொலுசாக்கிவிட்டார்களாம். சேலத்துக்காரியாக இருந்துகொண்டு கொலுசைக் குறை சொல்ல முடியுமா, வாயை மூடிக்கொண்டேன். அந்த மெடல்களின் விளிம்பில்தான் பட்டாளத்து எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறித்திருக்கும். மிச்சமிருந்த வெண்கலத்தையும் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், பளபளவென்றுதான் இருந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் பயனியர்ஸ் (பாதை, பாலம் வேலைக்குப் பழகிய படை) என்பதன் சுருக்கம் தெரிகிறது, முன்னால் இருப்பது 61ஆ 64ஆ என்பது தேய்ந்துபோயிருக்கிறது. 61 என்றால் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவின் தாங்காவில் இறங்கித் தோற்றுத் திரும்பிய படைகளில் ஒன்று. 64 தாங்காவில் இல்லை. இரண்டுமே 1922இல் மெட்ராஸ் பயனியர்ஸில் சேர்ந்தன, அதையும் 1933இல் கலைத்துவிட்டார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் புத்தகத்தில் இதைத் தேடுவது ஆத்தூர் பஸ்ஸில் ஏறி ஓமலூருக்கு டிக்கெட் கேட்கிற மாதிரி.

காலாட்படை என்றால் இன்னும் குழப்பம். 13ஆவது மெட்ராஸ் காலாட்படை 1903இல் 73ஆவது கர்நாடிக் காலாட்படை ஆனது, 1922இல் அதுவே 3ஆவது மெட்ராஸ் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன். அந்த ரெஜிமென்டின் நிரந்தரப் பட்டாலியன்களையும் இருபதுகளிலேயே கலைத்துவிட்டு, இரண்டாம் உலகப்போரில்தான் மறுபடி எழுப்பினார்கள். ஆகவே ‘தாத்தா 1935இல் மெட்ராஸ் ரெஜிமென்ட்’ என்று யாராவது சொன்னால், அவர் டெரிட்டோரியல் என்ற பகுதிநேரப் படை ஆளாக இருந்தாலொழிய, அநேகமாக பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் தேட வேண்டியிருக்கும்.

பெயரை வைத்துத் தேடுவதை விடுங்கள், எண்ணை வைத்துத் தேடுங்கள். சின்னசாமியை அந்தக் கால குமாஸ்தா எத்தனை விதமாக எழுதியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில், கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் இறந்த பலருக்கு அப்பா பெயர், மனைவி பெயர், ஊர் எல்லாம் அங்கே இருக்கிறது. பர்மாவில் தொலைந்தவர்கள் பலர் ரங்கூன் நினைவுச்சின்னத்தில் இருக்கிறார்கள், கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். சங்ககிரியைச் சங்ககிரிதுர்க்கம் என்றும் தேடுங்கள். சேலம் என்றிருந்தால் இன்றைய சேலம் என்று நினைத்துவிடாதீர்கள், தர்மபுரி பிரிந்ததே 1965இல்தான், ஓசூர்க்காரரும் அன்று சேலம் ஜில்லாதான். அப்புறம், திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்ட தாத்தாவின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. இல்லையே என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் உண்டு!

லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்த முதல் உலகப்போர் சிப்பாய்களின் பதிவேடுகள் பற்றிய செய்தியை எனக்கு பார்வர்டு செய்யாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். 2021இல் வெளியான அந்த 3,20,000 பேரும் பஞ்சாப்காரர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் பணியில் இருந்தவர், பென்ஷன் வாங்கியவர் என்றால் முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அப்புறம் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். எண் இல்லாமல் கடிதம் போட்டுவிட்டு பதில் வரவில்லை என்று என்னைத் திட்டக்கூடாது.

எண் எங்கே இருக்கும்? உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் காகிதம், மணியார்டர் ரசீது, போட்டோவின் பின்பக்கம். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் வீட்டில் அப்படியொரு பெட்டியைத் திறந்தேன். மலை ஈரத்தில் பாதி பூஞ்சை, மீதியை ராமபாணப் பூச்சி சல்லடையாக்கியிருந்தது. எண் இருந்த மூலை மட்டும் தப்பியது, அதுவும் அதிர்ஷ்டம். ஆகவே பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பி வையுங்கள். மெடலைத் தேய்க்காதீர்கள், விற்றே ஆக வேண்டிய நிலை என்றால் அதில் தப்பில்லை, விளிம்பைச் சுற்றிலும் படம் எடுத்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம், ஒருமுறை போட்டால் காகிதத்தைப் பிரிக்க என்னால் முடியாது, யாராலும் முடியாது.

நேற்று அந்தத் தம்பி வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். அத்தை வீட்டுப் பரணில் பென்ஷன் காகிதம் கிடைத்துவிட்டது. 64ஆவது பயனியர்ஸ், எண்ணும் தெளிவாக இருக்கிறது. கிழிந்துவிடப் போகிறதே என்று அத்தை மகன் அதை முன்பே லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.