ஜிபிஎஸ்ஸுக்கு நான்காவது செயற்கைக்கோள் எதற்கு?

நம் இடத்தைக் கண்டுபிடிக்க போன் செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை, வானத்திலிருந்து வருவதைக் கேட்கிறது, அவ்வளவுதான். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் தான் எங்கே இருக்கிறது, தன் கடிகாரத்தில் மணி என்ன என்பதை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. அது வந்து சேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். தலைக்கு நேர் மேலே இருக்கும் கோளிலிருந்து சுமார் 0.067 விநாடி.

இதற்குமேல் வேண்டிய கணிதம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கோளங்கள் வெட்டிக்கொள்ளும் வண்ணப் படத்தைக் காட்டி முடித்துவிடாமல், ஒரு வரைபடத் தாளைக் கொடுத்து அவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

கோள்களுக்குப் பதில் தாளில் மூன்று புள்ளிகள்: (0, 0), (10, 0), (0, 10). அலகு சென்டிமீட்டர். நாம் ஒளிந்திருக்கும் இடம் (3, 4). மாணவர்களுக்கு அதைச் சொல்லக் கூடாது, மூன்று தூரங்களை மட்டும் கொடுக்க வேண்டும்: 5, √65, √45. ஒவ்வொரு புள்ளியையும் மையமாக, அதன் தூரத்தை ஆரமாக வைத்து முதல் இரண்டு வட்டங்களை வரைந்தால் அவை (3, 4), (3, -4) என்று இரண்டு இடங்களில் வெட்டும், மூன்றாவது வட்டம்தான் எது சரி என்று தீர்க்கும். அப்புறம் இதையே சமன்பாடாக எழுதி, இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழிக்கச் சொல்லுங்கள். வர்க்கங்கள் எல்லாம் அடிபட்டுப் போய் 100 - 20எக்ஸ் = 40 என்று நிற்கும், எக்ஸ் 3. மூன்றாவதிலும் அப்படியே, ஒய் 4. வளைந்த வட்டங்களிலிருந்து நேர்கோடுகள் பிறக்கும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது, இங்கே அவசரப்படாமல் நிற்க வேண்டும்.

சரி, விண்வெளியில் வட்டம் கோளமாகிறது. மூன்று கோளங்கள் பொதுவாக இரண்டு புள்ளிகளில் வெட்டும், அதில் ஒன்று பூமியிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் என்பதால் தள்ளிவிடலாம். அப்படியானால் மூன்று போதுமே?

போதாது, ஏனென்றால் கோளில் இருப்பது அணுக் கடிகாரம், போனில் இருப்பது மலிவான குவார்ட்ஸ். ஒரு மைக்ரோவிநாடி பிசகினால் தூரம் 300 மீட்டர் தவறிவிடும். ஆனால் அந்தப் பிசகு எல்லாக் கோள்களின் தூரத்திலும் ஒரே அளவில்தான் ஏறும், முழு சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது. தாளில் மூன்று ஆரங்களோடும் 1 செ.மீ. கூட்டி வரையச் சொல்லுங்கள். வட்டங்கள் ஒரு புள்ளியில் சேராமல் நடுவே வளைந்த முக்கோணம் ஒன்றை விட்டுவைக்கும். எல்லா ஆரங்களையும் ஒரே அளவு குறைத்துக்கொண்டே வந்தால் அந்த முக்கோணம் சுருங்கி, சரியாக 1 செ.மீ. குறைந்ததும் (3, 4)இல் மறைந்துவிடும். ஆக, கடிகாரப் பிழையும் தெரியாத எண்களில் ஒன்று. மூன்று ஆயத்தொலைவுகள், ஒரு நேரம், நான்கு சமன்பாடுகள், நான்கு கோள்கள்.

கடைசியாக, கோள்கள் வானில் பரந்து கிடப்பது ஏன் நல்லது என்பதையும் அதே தாளில் பார்த்துவிடலாம். முதலில் (10, 0) புள்ளிக்கான தூரத்தில் மட்டும் 1 மி.மீ. கூட்டினால் எக்ஸ் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகரும். அந்தப் புள்ளியை (1, 0)க்குக் கொண்டுவந்து அதே பிழையைச் செய்தால் 4 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே வானத்தின் ஒரு சிறு துண்டு மட்டும் தெரியும்போது வரைபடத்தில் நம் புள்ளி தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். சுவரில் பட்டுத் திரும்பி வரும் சமிக்ஞை இன்னொன்று.