இன்ஜினை முறிக்க எத்தனை மில்லி தண்ணீர் வேண்டும்?

டெக்சாஸ் கடற்கரையோரம் குடியிருக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "புயல் காலம் வருகிறது. ஊரைக் காலி செய்யச் சொன்னால் கிளம்புவதற்கு வண்டியை எப்படித் தயாராக வைப்பது? என்னுடையது உயரமான டீசல் பிக்கப். ஸ்பார்க் பிளக் இல்லாததால் தண்ணீரில் இறக்கினாலும் ஓடும் என்கிறார்களே, உண்மையா?"

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதில்தான் விஷயமே இருக்கிறது.

அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த ஆறு மாதமும் டேங்க் பாதிக்குக் கீழே இறங்க வேண்டாம். மின்சாரம் போனால் பெட்ரோல் பங்கில் பம்பும் ஓடாது. டயர், வைப்பர், பேட்டரி எல்லாம் வழக்கம்போல்தான். பலரும் மறப்பது ரேடியேட்டர் விசிறியை. வேகமாக ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், விசிறி கெட்டிருந்தாலும் தெரியாது. ஊரே ஒன்றாகக் கிளம்பி, வண்டி நின்று நின்று நகரும்போதுதான் குட்டு வெளிப்படும். ஏசியைப் போட்டு வண்டியை நிறுத்தி வைத்து, விசிறி சுழல்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

நெரிசல் சாதாரணமாக இருக்காது. 2005-ல் ரீட்டா புயலுக்காக ஹூஸ்டன் பக்கமிருந்து 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள். கடும் வெயிலில் வண்டிகள் மணிக்கணக்காக நின்றன, நடுவழியில் எரிபொருள் தீர்ந்தது. புயலில் நேரடியாக இறந்தவர்களைவிட அந்த வெளியேற்றத்தில் இறந்தவர்கள் அதிகம். கடைசியில் ரீட்டா கிழக்கே விலகி லூசியானா எல்லை அருகே கரையேறியது. பாதையை இன்னும் துல்லியமாகக் கணிக்க முடிந்திருந்தால் அவர்களில் பலர் வீட்டிலேயே இருந்திருக்கலாம். வானிலை ஆராய்ச்சிக்கான பணத்தில் கை வைத்துச் சிக்கனம் என்று பெயர் சூட்டுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றை எடுத்துக் காற்றை இழுத்து, வாயை விரலால் அடைத்து அழுத்துங்கள். தண்டு உள்ளே போகும், விட்டால் திரும்பி வரும். இப்போது காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி அதையே செய்யுங்கள். எவ்வளவு முக்கினாலும் அசையாது. காற்றின் மூலக்கூறுகளுக்கு நடுவே நெருங்கிக்கொள்ள இடம் ஏராளம். தண்ணீரில் அவை ஏற்கெனவே முட்டிக்கொண்டு நிற்கின்றன.

இன்ஜின் காற்றின் இந்தக் குணத்தை நம்பித்தான் பிழைக்கிறது. நான்கு சிலிண்டர், 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் ஒருமுறை கீழே இறங்கினால் ஒரு சிலிண்டருக்குள் அரை லிட்டர் காற்று வரும். மேலே ஏறும்போது அதைப் பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது என்றால், பிஸ்டன் உச்சியைத் தொடும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் சுமார் 55 மில்லி. அவ்வளவுதான். அந்த இடத்துக்குள் அடங்காத அளவு தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் பிஸ்டனால் உச்சிக்குப் போக முடியாது, வால்வுகள் மூடியிருப்பதால் தண்ணீருக்கும் ஓட வழியில்லை. ஆனால் மற்ற மூன்று சிலிண்டர்களும், சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலும், கியரில் இருந்தால் உருளும் வண்டியின் எடையும் சேர்ந்து, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டைத் திருப்பிக்கொண்டே இருக்கின்றன. கீழிருந்து கிராங்க் தள்ளுகிறது, மேலே தண்ணீர் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட். வளைகிறது, இல்லை உடைகிறது. மெக்கானிக்குகள் இதைத்தான் ஹைட்ரோலாக் என்கிறார்கள்.

டீசலுக்கு வருவோம். பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி தந்து எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் இதில் இல்லை என்பது வாஸ்தவம். காற்றை நன்றாக அமுக்கிச் சூடாக்கியே அது எரிபொருளைப் பற்றவைக்கிறது. அதனால் அமுக்கும் விகிதம் அதிகம். அதே அரை லிட்டர் சிலிண்டர், 17 மடங்கு அமுக்குகிறது என்று கணக்குப் போட்டால் மிஞ்சும் இடம் 31 மில்லிதான்! பெட்ரோல் வண்டியில் பிளக் நனைந்தாவது இன்ஜின் முன்கூட்டியே அணைந்து பிழைக்க வாய்ப்பு உண்டு. டீசலுக்கு அந்த அதிர்ஷ்டமும் கிடையாது.

தண்ணீர் எப்படி உள்ளே போகும்? இன்ஜினே இழுத்துக்கொள்ளும். 2 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் முழு மூச்சாக ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 2,000 லிட்டர் காற்றை உறிஞ்சும். பல வண்டிகளில் காற்று இழுக்கும் வாய், ஹெட்லைட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நீரைக் கிழித்துக்கொண்டு வேகமாகப் போனால் முன்னால் அலை எழும்பி அந்த வாய்க்கே ஏறிவிடும்.

உயரம் காப்பாற்றும் என்பதும் பாதி உண்மைதான். அமெரிக்கத் தேசிய வானிலை சேவையின் எச்சரிக்கைப்படி, ஓடும் வெள்ளம் ஒரு அடி இருந்தாலே பெரும்பாலான கார்களை அடித்துச் செல்லும், இரண்டு அடி பிக்கப்பையும் இழுத்துப் போகும். 4.5 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலமுள்ள கார் என்றால், அடித்தளத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு சென்டிமீட்டர் தண்ணீரும் சுமார் 80 கிலோவைத் தூக்கும். முழுதாக மிதக்கக்கூட வேண்டியதில்லை. டயர் மேல் விழும் எடை குறையக் குறையப் பிடிப்பும் குறையும், பக்கவாட்டு ஓட்டம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீரில் வண்டி அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. முதல் முறை தப்பித்த ராடை, சாவியைத் திருப்பி நாமே வளைத்துவிடுவோம். வண்டியை அப்படியே இழுத்துப் போங்கள். மெக்கானிக் பிளக்கைக் கழற்றி (டீசலில் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையோ, ஸ்டார்ட் ஆகச் சூடேற்றி உதவும் க்ளோ பிளக்கையோ) நீரை வெளியேற்றுவார். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் எண்ணெய் வெளுத்து நுரைத்திருந்தால் தண்ணீர் அங்கேயும் போயிருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். லேசாக வளைந்த ராட் நீளத்தில் குறைந்திருக்கும், பிஸ்டன் உச்சியை எட்டாது, அந்த ஒன்றில் மட்டும் அழுத்தம் குறைவாகக் காட்டும். கவனிக்காமல் ஓட்டினால் கொஞ்ச காலம் ஓடும், பிறகு ஒருநாள் ராட் உடைந்து இன்ஜின் சுவரையே பொத்துக்கொண்டு வெளியே வரும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வெள்ளத்தில் கெட்ட வண்டிக்கு, வாகனக் காப்பீட்டில் காம்ப்ரிஹென்சிவ் என்ற, மோதல் அல்லாத சேதங்களுக்கான பகுதி எடுத்திருந்தால்தான் பணம் கிடைக்கும். வீட்டுக் காப்பீடு இதற்கு உதவாது. புயல் நெருங்கிவிட்டால் காப்பீட்டு நிறுவனங்கள் புதிதாகப் பாலிசி கொடுப்பதை நிறுத்திவிடுவது வழக்கம். ஆகவே பாலிசித் தாளை மே மாதத்திலேயே புரட்டிப் பாருங்கள்.