புகையோடு கடல்நீர்: படகின் வெட் எக்ஸாஸ்ட் எப்படி வேலை செய்கிறது

டீசல் எஞ்சின் நல்ல சுமையில் ஓடும்போது அதிலிருந்து வெளியேறும் புகையின் சூடு 400, 500 டிகிரி செல்சியஸைத் தொடும். லாரியில் அது பிரச்சினை இல்லை, இரும்புக் குழாய் வண்டிக்கு அடியில் காற்றுபடக் கிடக்கிறது. படகில் அதே குழாய் மூடிய எஞ்சின் அறைக்குள்ளே, மரத்துக்கும் ஃபைபருக்கும் டீசல் டேங்குக்கும் பக்கத்தில் போயாக வேண்டும். அதனால் பல படகுகளில் ஒரு துணிச்சலான வேலையைச் செய்கிறார்கள்: புகைக்குழாய்க்குள்ளேயே கடல்நீரைக் கொட்டிவிடுகிறார்கள். இதுதான் வெட் எக்ஸாஸ்ட்.

புதுசாகக் கொண்டுவரும் தண்ணீர் இல்லை இது. எஞ்சினைக் குளிரவைக்க பம்ப் இழுத்த கடல்நீர், எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் தன் வேலையை முடித்துவிட்டு வெளியே போகும் வழியில் மிக்ஸிங் எல்போ என்ற வளைவில் புகையோடு கலக்கிறது. கொஞ்சம் தண்ணீர் ஆவியாகும்போது புகையின் சூட்டைப் பிடுங்கிக்கொள்கிறது, ஒரு சாண் தாண்டுவதற்குள் 450 டிகிரி 50 டிகிரிக்கு வந்துவிடும். சூடு இறங்கினால் வாயு சுருங்கும், இந்தக் கணக்கில் பாதிக்கும் குறைவாக. சத்தமும் அடங்கும். அதற்கப்புறம் இரும்புக் குழாயே தேவையில்லை, ரப்பர் ஹோஸ் போதும்.

ஆனால் எஞ்சினின் வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில் நாமே கடலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. அந்தத் தண்ணீர் ஒருபோதும் பின்னோக்கி வரக்கூடாது. என்னைக் கேட்டால் வெட் எக்ஸாஸ்ட் பொருத்துவது குழாய் வேலையே இல்லை, உயரத்தை அளக்கும் வேலை. எது நீர்மட்டத்துக்கு மேலே, எது கீழே, எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எல்போவிலிருந்து ஹோஸ் கீழ்நோக்கிச் சரிந்து வாட்டர்லாக் என்ற பெட்டிக்கு வரவேண்டும். பெட்டியின் வெளிக்குழாய் உள்ளே அடிப்பகுதி வரை இறங்கியிருக்கும். புகை பெட்டிக்குள் சேர்ந்து அழுத்தம் ஏறியதும் தேங்கிய தண்ணீரை அந்தக் குழாய் வழியாக மேலே தள்ளிவிடும். படகின் பின்பக்கம் தண்ணீர் சீராக ஊற்றாமல் விட்டுவிட்டுத் துப்புவது இதனால்தான். பெட்டியை விட்ட ஹோஸ் நேராக வெளியே போகாது, நீர்மட்டத்துக்கு மேலே நன்றாகத் தூக்கி வளைத்து அப்புறம்தான் வெளித்துளைக்கு இறக்குவார்கள். பின்னாலிருந்து வரும் அலை உள்ளே ஏறாமல் தடுப்பது அந்த வளைவு.

எஞ்சினை நிறுத்தியதும் தூக்கிய ஹோஸில் இருக்கும் தண்ணீரெல்லாம் பெட்டிக்கே திரும்பி விழும். 50 மில்லிமீட்டர் உள்விட்ட ஹோஸ் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 2 லிட்டர் பிடிக்கும், 75 மில்லிமீட்டர் என்றால் 4.4 லிட்டர். இரண்டு மீட்டர் ஏற்றம் வைத்துவிட்டு, இடமில்லை என்று சின்னப் பெட்டியை வாங்கிப் போட்டால் மீதித் தண்ணீர் எங்கே போகும்? எல்போ பக்கம்தான். பெட்டியின் அளவை எஞ்சினின் குதிரைத்திறனை வைத்து மட்டும் முடிவுசெய்யாதீர்கள், ஹோஸையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது சைஃபன். கேனிலிருந்து டியூப் போட்டு எண்ணெய் இறக்கும்போது ஒருமுறை ஓட ஆரம்பித்தால் தானாகவே ஓடிக்கொண்டிருக்குமே, அதேதான். கடல்நீர் கலக்கும் இடம் நீர்மட்டத்துக்குக் கீழேயோ மிக ஒட்டியோ இருந்தால், எஞ்சின் நின்ற பிறகும் தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருந்தால் அதைத் தாண்டி மெதுவாக உள்ளே வந்துகொண்டே இருக்கும், பெட்டி நிரம்பும், எல்போ நிரம்பும், திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். கலக்கும் இடம் நீர்மட்டத்துக்கு மேலே குறைந்தது 15 சென்டிமீட்டராவது இருக்கட்டும் என்பது வழக்கமான விதி. ஆட்களும் டீசலும் ஏறி, படகு ஒருபக்கம் சாய்ந்த நிலையில் அளக்கவேண்டும், வெறும் படகில் அளந்து பயனில்லை. அந்த உயரம் கிடைக்காவிட்டால் எல்போவுக்குப் போகும் நீர்க்குழாயை மேலே தூக்கி, அதன் உச்சியில் காற்றை உள்ளே விடும் சின்ன வால்வைப் பொருத்தவேண்டும். காற்று நுழைந்தால் சைஃபன் அறுந்துவிடும். இந்த வால்வு உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை விடாமல் சுற்றுவது இன்னொரு ஆபத்து. ஸ்டார்ட்டர் சுற்றும் ஒவ்வொரு தடவையும் பம்ப் கடல்நீரை உள்ளே தள்ளுகிறது, ஆனால் அதை வெளியே தள்ளப் புகை இல்லை. பத்துப் பதினைந்து விநாடிக்குள் எடுக்கவில்லை என்றால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு முயற்சி செய்யுங்கள், எடுத்த கணமே திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் இம்பெல்லர் வறண்டு கருகிவிடும். அதற்குள்ளேயே நிறைய சுற்றிவிட்டீர்கள் என்றால் முதலில் வாட்டர்லாக்கின் அடி பிளக்கைத் திறந்து வடித்துவிடுங்கள். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. அது சிலிண்டருக்குள் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். உள்ளே போய்விட்டதோ என்று சந்தேகம் வந்தாலே ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றி வெளியேற்றவேண்டும், எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் அதையும் ஒருமுறைக்குமேல் மாற்றவேண்டும்.

பராமரிப்பில் நான் முதலில் பார்ப்பது எல்போவைத்தான். கொதிக்கும் புகை, உப்புத் தண்ணீர், டீசலிலிருக்கும் கந்தகம் உண்டாக்கும் அமிலம் மூன்றும் சந்திக்கிற இடம் அது. ஆறிய எஞ்சினில் ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்சுவரில் கரியும் உப்பும் சேர்ந்து கருங்கல்போல இறுகியிருக்கும், ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பொருக்குப் பொருக்காக விழும். வழி பாதியாகக் குறுகியிருந்தால் எஞ்சின் முழு வேகத்தை எட்டாது, கரும்புகை விடும், சூடேறும். ஆட்கள் இன்ஜெக்டரையும் ஃபில்டரையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள், கோளாறு இங்கே இருக்கும். அடைப்பைவிட மோசமானது தண்ணீருக்கும் புகைக்கும் நடுவிலுள்ள உள்சுவரில் விழும் ஊசித்துளை. வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது, தண்ணீர் மட்டும் சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் மேனிஃபோல்டுக்குள் சொட்டிக்கொண்டிருக்கும். மெலிந்த எல்போவுக்கு வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

இம்பெல்லரை வருஷம் ஒருமுறை மாற்றுவது நல்லது. இறக்கை உடைந்திருந்தால் துண்டுகளை எண்ணிச் சேருங்கள், ஒன்று குறைந்தாலும் அது ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் போய் அடைத்து நிற்கும்.

ஹோஸ் எக்ஸாஸ்டுக்கென்றே செய்த, உள்ளே கம்பி சுற்றிய வகையாக இருக்கட்டும், ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு ஸ்டெயின்லெஸ் கிளாம்ப். இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு தெரிந்தால் அங்கே புகை கசிகிறது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, நிறமும் வாசனையும் இல்லாதது, தூங்குகிறவரை எழுப்பாமலே கொல்லும். கேபினில் ஒரு அலாரம் கட்டாயம் வையுங்கள். எல்போவுக்குப் பின்னால் ஹோஸில் ஒரு வெப்ப சென்சாரும் கட்டலாம். கடல்நீர் நின்றால் எஞ்சினின் டெம்பரேச்சர் மீட்டர் ஏறச் சில நிமிஷம் ஆகும், ஹோஸோ அதற்கு வெகு முன்பே சூடாகிவிடும்.

சென்சார் இல்லாவிட்டாலும் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். தண்ணீர் வழக்கம்போலத் துப்புகிறதா, இல்லை வெறும் வெள்ளை ஆவியும் வறண்ட சத்தமுமாக இருக்கிறதா? தண்ணீர் வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு, கடல்நீர் வால்வு திறந்திருக்கிறதா, கடல்நீரை வடிகட்டும் ஸ்ட்ரெயினரில் பிளாஸ்டிக் பை ஏதும் சிக்கியிருக்கிறதா என்று அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள்.