ஹெர்-2: ஒரு மரபணுப் பெயரின் பொருளும் தமிழும்

மார்பகப் புற்றுநோய்க்கான பயாப்சி ரிப்போர்ட்டில் மூன்று பெயர்கள் தவறாமல் இருக்கும்: ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. முதல் இரண்டும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களின் ஏற்பிகள், அதாவது அவற்றைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள். மூன்றாவதைப் பார்த்துத்தான் பலரும் குழம்புகிறார்கள். ஆங்கிலத்தில் 'அவளுடைய' என்று பொருள்படும் சொல்லைப் போலவே ஒலிப்பதால், பெண்களுக்கு மட்டும் உரிய ஏதோ ஒன்று என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது முதலெழுத்துகளைச் சேர்த்த சுருக்கம், அவ்வளவுதான். அது ஒரு மரபணுவின் பெயர்; அந்த மரபணு உருவாக்கும் ஏற்பிப் புரதத்துக்கும் அதே பெயர்தான். ஆண், பெண் எல்லோருடைய செல்லிலும், 17ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் இந்த மரபணு இருக்கிறது. இரைப்பைப் புற்றுநோயிலும் இதைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

சுருக்கத்தை விரித்தால் 'ஹியூமன் எபிடெர்மல் குரோத் ஃபேக்டர் ரிசெப்டர்-2'. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'மனித மேல்தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பி-2'. மார்பகக் கட்டியைப் பற்றிய பேச்சில் மேல்தோல் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு பழைய ஆய்வுக்குப் போக வேண்டும். ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர், சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி வழியே செலுத்தினார். வழக்கத்துக்கு முன்பே அவற்றின் கண்கள் திறந்தன, பற்களும் முளைத்தன. சாற்றில் இருந்த ஏதோ ஒரு பொருள் மேல்தோலின் வளர்ச்சியை விரைவுபடுத்தியிருந்தது. அதனால் அதற்கு 'மேல்தோல் வளர்ச்சிக் காரணி' என்று பெயர் வந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்காக 1986இல் அவர் ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தக் காரணி தோலில் மட்டுமல்ல, வேறு பல திசுக்களிலும் வேலை செய்கிறது என்பது பிறகு தெரிந்தது. ஆனால் பெயர் மாறவில்லை. அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி முதலாவது. அதே சாயலில் பின்னர் கண்டறியப்பட்டதற்கு 2 என்ற எண் கிடைத்தது. குடும்பத்தில் 3, 4 எண்களும் உண்டு.

இந்த மரபணுவுக்கு வேறு பெயர்களும் இருப்பதால்தான் ஒரே கட்டுரையில் 'ஹெர்-2/நியூ' என்றும் 'எர்ப்-பி2' என்றும் பார்க்கிறோம். எலியின் நரம்புக் கட்டியான நியூரோபிளாஸ்டோமாவில் ராபர்ட் வைன்பெர்க் ஆய்வுக்கூடம் கண்ட புற்றுநோய் மரபணு 'நியூ' ஆனது. 'எர்ப்-பி' கோழியிலிருந்து வந்தது. கோழிகளின் முதிராத சிவப்பணுக்களைக் கட்டுக்கடங்காமல் பெருக்கும் எரித்ரோபிளாஸ்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் வைரஸ் ஒன்று இருக்கிறது. அதனிடம் இருந்த மரபணு அது. 1985 வாக்கில் வெவ்வேறு குழுக்கள் மனித டி.என்.ஏ.வில் அதற்கு நெருங்கிய மரபணுவைக் கண்டுபிடித்து, ஆளுக்கொரு பெயர் வைத்தன. எல்லாம் ஒன்றே என்று பிறகு புரிந்தது. இன்று மரபணுவின் அதிகாரபூர்வப் பெயர் 'எர்ப்-பி2'. மருத்துவமனையில் புழங்குவது 'ஹெர்-2'.

'ரிசெப்டர்' என்ற சொல்லின் வேர் லத்தீன். பெறுதல் என்று பொருள். 1900இல் பால் எர்லிக் இந்தச் சொல்லை உயிரியலுக்குள் கொண்டுவந்தார். 1905இல் கேம்பிரிட்ஜின் ஜான் லாங்லி, நிகோட்டினும் குராரே என்ற நஞ்சும் தசையில் செயல்படும் விதத்தைப் பார்த்து, செல்லில் 'ஏற்கும் பொருள்' ஒன்று இருக்க வேண்டும் என்றார். தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் உள்ளன. தமிழ்நாட்டில் ஏற்பி, இலங்கைப் பாடநூல்களில் வாங்கி. இரண்டும் நல்ல சொற்கள். 'ஏற்புரை'யில் வரும் அதே ஏற்பு, செய்யும் பொருளைக் குறிக்கும் இகரம் சேர்ந்து ஏற்பி ஆகிறது. 'ஒலிவாங்கி'யில் இருப்பது அந்த வாங்கிதான். மற்ற சொற்களிலும் இதே போல இரு வழக்குகள் உண்டு: இங்கே செல், மரபணு, குரோமோசோம், அங்கே கலம், பரம்பரை அலகு, நிறமூர்த்தம். எனக்கு ஏற்பி சற்றுப் பொருந்துகிறது, ஏனென்றால் வெறுமனே வாங்குவதோடு நில்லாமல் இசைந்து செயல்படுவதும் 'ஏற்பு' என்பதில் அடங்கும்.

ஆனால் ஹெர்-2 விஷயத்தில் ஒரு வேடிக்கையான முரண் இருக்கிறது. 1,255 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தின் ஒரு பகுதி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நடுப்பகுதி செல்சவ்வைத் துளைத்துச் செல்கிறது. உள்பகுதி ஒரு நொதி. குடும்பத்தின் மற்ற ஏற்பிகளில் வெளிப்பகுதி ஒரு வளர்ச்சிக் காரணியைப் பற்றிக்கொண்ட பிறகே இணை சேரத் தயாராகும். ஹெர்-2 தனக்கென்று எந்தக் காரணியையும் பற்றுவதாக இதுவரை தெரியவில்லை. அதன் வெளிப்பகுதி எப்போதும் இணை சேரும் நிலையிலேயே விரிந்திருக்கும். பக்கத்தில் உள்ள ஹெர்-3 போன்ற உறவோடு அது சேர்ந்ததும் உள்ளே இருக்கும் நொதி விழித்து, 'பிரி, பெருகு' என்ற செய்தியைச் செல்லுக்குள் அனுப்புகிறது. ஆக, தானாக எதையும் ஏற்காத ஏற்பி அது. செல்லின் மேல் அதன் எண்ணிக்கை கூடினால் என்ன ஆகும் என்பதும் இதிலேயே விளங்கிவிடும்: தூண்டும் காரணி வராமலேயே செய்தி போய்க்கொண்டிருக்கும்.

சில கட்டிகளில் அதுதான் நடக்கிறது. செல்லில் இரண்டு பிரதிகள் இருக்க வேண்டிய மரபணு, கட்டிச் செல்லில் பல மடங்காகப் பெருகிவிடுகிறது. புரதமும் அதற்கேற்பக் குவிகிறது. 1987இல் டென்னிஸ் ஸ்லேமன் குழுவினர் 189 மார்பகக் கட்டிகளைப் பரிசோதித்து, ஏறத்தாழ 30 விழுக்காட்டில் இந்தப் பெருக்கத்தைக் கண்டனர். அந்தப் பெண்களுக்கு நோய் விரைவில் திரும்பியதையும் காட்டினர். இன்று சொல்லப்படும் அளவு 15 முதல் 20 விழுக்காடு. அதே மிகுதியைக் குறியாக்கி, வெளிப்பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும் டிராஸ்டுசுமாப் என்ற எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒரு காலத்தில் மிகவும் அஞ்சப்பட்ட வகைக்கு நேரடியாக இலக்கு வைக்கும் மருந்து கிடைத்தது.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். 'ஹெர்-2 பாசிட்டிவ்' என்பதை 'ஹெர்-2 நேர்மறை' என்று எழுதுகிறார்கள். நேர்மறை என்றால் நல்லது என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் ஏதோ தொற்று இருப்பதாக எண்ணுவார். இரண்டும் இல்லை. இந்தப் புரதம் எல்லோரிடமும் இருப்பதுதான். கட்டியில் அளவுக்கு மேல் இருக்கிறது என்பதே செய்தி. 'ஹெர்-2 மிகை' என்று சொன்னால் ஒரே வாசிப்பில் புரிந்துவிடும். ஹெர்-2 என்ற பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ரிப்போர்ட்டில் தேட அதுதான் உதவும்.

மிகை என்ற சொல் அளவைக் குறிப்பதால் இன்னொரு வசதியும் உண்டு. திசுவில் சாயமேற்றிப் பார்த்து 0, 1+, 2+, 3+ என்று மதிப்பிடுவார்கள். 3+ வந்தால் மிகை. 2+ என்றால் முடிவாகச் சொல்ல இயலாது. மரபணுப் பிரதிகளை எண்ணும் ஃபிஷ் சோதனை தேவைப்படும். 1+, அல்லது ஃபிஷ்ஷில் பெருக்கம் தெரியாத 2+ ஆகியவற்றை இப்போது தனி வகையாக, 'ஹெர்-2 குறைவு' என்று பார்க்கிறார்கள். உடலின் வேறு பாகங்களுக்குப் பரவிய அத்தகைய புற்றுநோய்க்கும் 2022இல் ஒரு மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

அப்புறம், 'மரபணு' என்று இருப்பதால் பிள்ளைகளுக்கும் வருமோ என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஹெர்-2 மிகை கட்டிச் செல்லில் நேர்ந்த மாற்றம். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் கடந்து வருவதில்லை. குடும்பத்தில் தொடரும் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ.-1 வேறு மரபணு, அதுவும் இதே 17ஆம் குரோமோசோமில் இருந்தாலும்.