‘பெண்கள்’ என்றால் எந்தப் பெண்கள்?

அரசியல் பேச்சை ஆராய வரும் மாணவர்களிடம் நான் முதலில் கொடுப்பது மகளிர் இடஒதுக்கீட்டு விவாதங்களைத்தான். 1996-ல் முதல் மசோதா, 2010-ல் மாநிலங்களவையோடு நின்றது, 2023 செப்டம்பரில் ஒருவழியாக 106-வது அரசியல் சட்டத் திருத்தமாக நிறைவேறியது. இத்தனை வருடப் பேச்சும் அவைக் குறிப்புகளில் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் எக்செல்லில் சாதிக்கு ஒரு பத்தி, பாலினத்துக்கு ஒரு பத்தி, மதத்துக்கு ஒரு பத்தி போட்டு எந்தச் சொல் எத்தனை தடவை வந்தது என்று எண்ணிக்கொண்டு வருவார்கள். அந்தக் கணக்கில் தலித் பெண் எங்கேயும் இருக்க மாட்டார், ஏனென்றால் அவரைப் பாதி ஒரு பத்தியிலும் மீதி இன்னொரு பத்தியிலும் போட்டாயிற்று. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் அமெரிக்க நீதிமன்றங்களிடம் கண்ட கோளாறும் இதுதான்: ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில், இனப் பாகுபாட்டையும் பாலினப் பாகுபாட்டையும் சேர்த்துப் பார்க்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அதனால் எண்ணுவதற்கு முன்னால் வாசிக்கச் சொல்கிறேன். இந்த வாக்கியத்தில் யார் பேசுகிறார், யாருக்காக, அந்தப் பேச்சு அவையில் எதற்குப் பயன்பட்டது? உள் ஒதுக்கீட்டை, அதாவது பெண்களுக்கான இடங்களுக்குள்ளேயே சில பிரிவுப் பெண்களுக்குத் தனியாக ஒதுக்குவதை, எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு அவர்களுடைய தனித்தொகுதிகளில் மூன்றில் ஒரு பங்கு உண்டு. பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கும் முஸ்லிம் பெண்களுக்கும் தனியாக எதுவும் இல்லை. 2023-ல் மக்களவையில் எதிர்த்து விழுந்த 2 ஓட்டுகளுக்கும் சொல்லப்பட்ட காரணம் அதுதான். அதே கோரிக்கையைச் சொல்லித்தான் சில கட்சிகள் முன்பு மசோதாவையே வருடக்கணக்கில் நகரவிடாமல் வைத்திருந்தன. சொல் ஒன்று, வேலை வேறு. இதைப் பிரித்தறிய பேச்சை மட்டும் பார்த்தால் போதாது, அந்தக் கட்சி என்ன திருத்தம் கொடுத்தது, எப்படி ஓட்டுப் போட்டது, அடுத்த தேர்தலில் எந்தப் பெண்களுக்கு சீட் கொடுத்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பேசுபவரின் பிறப்பை வைத்து அவர் நிலைப்பாட்டை ஊகிப்பதும் ஆபத்து. அரசியல் நிர்ணய சபையில் இருந்த ஒரே தலித் பெண் தாட்சாயணி வேலாயுதன், தனி வாக்காளர் தொகுதி முறையை (ஒரு சமூகத்தின் உறுப்பினரை அந்தச் சமூகத்தினர் மட்டுமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதை) எதிர்த்துப் பேசியவர். இதையும், எல்லோரும் ஓட்டுப் போடும் தனித்தொகுதி முறையையும் குழப்பிக்கொண்டு எழுதிய கட்டுரைகளை நிறையத் திருத்தியிருக்கிறேன்.

அப்புறம் மொழிபெயர்ப்பு. நம் மேடைகளில் ‘தாய்க்குலமே’ என்று கூப்பிடுவதை ஆங்கிலத்தில் வெறும் பெண்கள் என்று மாற்றிவிட்டுத் தரவு என்கிறார்கள். கல்யாணம் ஆகாதவரும் திருநங்கையும் அந்த விளிப்புக்கு வெளியே நிற்பது அங்கேயே மறைந்துவிடுகிறது. தயவுசெய்து மூலச் சொல்லோடு வேலை செய்யுங்கள்.