மர நிழலில் சிவப்பு ஏன் மங்குகிறது?

நர்சரியின் வெயிலில் கண்ணைப் பறித்த சிவப்புச் செடி, வீட்டு மாமரத்தடிக்கு வந்ததும் இருக்கும் இடமே தெரியாமல் போய்விடும். செடியில் எந்தக் குறையும் இல்லை. அதன் மீது விழும் ஒளிதான் மாறிவிட்டது.

உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். அடர்ந்த மரத்தடியில் அது சில ஆயிரமாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். அளவோடு தன்மையும் மாறுகிறது. மேலே உள்ள இலைகள் உணவு தயாரிக்கச் சிவப்பையும் நீலத்தையும் பெருமளவு உறிஞ்சிக்கொள்கின்றன. பச்சையில் ஒரு பகுதியும், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும்தான் அதிகமாகக் கீழே இறங்குகின்றன. சிவப்பாகத் தெரிய ஒரு பூ சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டும். வந்து விழுவதிலேயே அது குறைவென்றால் பூ என்ன செய்யும்?

நம் கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. பகலில் வேலை செய்யும் கூம்பு செல்கள் 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில், மிகக் கூர்மையாக இருக்கின்றன. 650 நானோமீட்டர் அடர்சிவப்பில் அந்தக் கூர்மை பத்தில் ஒரு பங்குதான். அதனால் அடர்சிவப்புப் பூவும் அதைச் சுற்றியுள்ள பச்சை இலையும் ஏறக்குறைய ஒரே அளவு இருட்டாகத் தெரிகின்றன. வெயிலில் நிற வேறுபாடு பூவைக் காட்டிக்கொடுக்கும். நிழலில் அந்த உதவியும் குறைந்துவிடுகிறது.

அந்தி சாயும்போது இன்னொன்று நடக்கிறது. கூம்பு செல்கள் ஓய, மங்கலான ஒளியில் வேலை செய்யும் குச்சி செல்கள் பொறுப்பேற்கின்றன. அவற்றின் உச்சம் 507 நானோமீட்டர். சிவப்பை அவை ஏறத்தாழ உணர்வதே இல்லை. அந்தியில் சிவப்பு இப்படி மங்குவதைச் செக் நாட்டு உடலியலாளர் யான் புர்கின்யே 1825இல் பதிவு செய்தார். பகல் நிழலில் சிவப்பு மங்குவதற்கும் இதையே காரணம் காட்டுவோர் உண்டு. அது சரியல்ல. மரத்தடியின் ஆயிரம் லக்ஸ்கூடக் கூம்பு செல்களுக்குத் தாராளம்.

ஆக, நிழலுக்குச் செடி வாங்கும்போது நிறத்தைவிட, விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். அதில் வெள்ளையை மிஞ்ச ஆளில்லை. ஒரு நந்தியாவட்டை இதழை விரல்களுக்கிடையே வைத்து நன்றாக அழுத்திப் பாருங்கள். வெண்மை போய்க் கண்ணாடி போலாகிவிடும். அதில் வெள்ளைச் சாயம் எதுவும் இல்லை. செல்களுக்கிடையே உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால்தான் இதழ் வெளுத்துத் தெரிகிறது. நந்தியாவட்டை பாதி நிழலில் நன்றாகவே பூக்கும். அதைவிட நிழலான இடத்துக்குப் பீஸ் லில்லி பொருந்தும். வெள்ளைக் கலேடியமும் நல்ல தேர்வுதான். ஆனால் ஆண்டில் சில மாதங்கள் அதன் இலைகள் காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். செத்துவிட்டதென்று தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டாம்.

வெள்ளித் திட்டு இலைகளின் வேலைப்பாடு வேறு. சில்வர் போத்தோஸ், அலுமினியம் பிளான்ட் போன்றவற்றில் மேல்தோலுக்கும் அடியிலுள்ள பச்சைத் திசுவுக்கும் நடுவே மெல்லிய காற்றிடைவெளி இருக்கிறது. ஒளியில் ஒரு பகுதி அங்கேயே பட்டுத் திரும்புவதால் வெள்ளி மினுக்கம் வருகிறது. அடியில் பச்சையம் அப்படியே இருப்பதால் திட்டுள்ள இடமும் உணவு தயாரிக்கிறது. மலைப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு ரெக்ஸ் பெகோனியாவும் உண்டு. சமவெளி வெக்கையில் அதை வளர்ப்பது வீண் போராட்டம். மிக இருண்ட மூலைக்கு நான் வெள்ளித் திட்டு இலைகளையே பரிந்துரைப்பேன்.

ஏனெனில் வெள்ளை வரி ஓடிய இலைகளில் அந்த வெள்ளைப் பகுதிக்குப் பச்சையமே கிடையாது. பச்சைப் பகுதி சம்பாதிப்பதை அது உட்கார்ந்து சாப்பிடுகிறது. ஒளி குறைந்த இடத்தில் இந்தச் சுமை செடிக்குக் கட்டுப்படியாகாது. மணி பிளான்ட்டின் புது இலைகளில் மஞ்சள் குறைந்து பச்சை கூடிக்கொண்டே போகும். வேறு சில செடிகளில் முழுப் பச்சைக் கிளை ஒன்று கிளம்பி, அதிக உணவு தயாரித்து, வேகமாக வளர்ந்து, வரியோடிய கிளைகளை மூடிவிடும். அந்தக் கிளையைக் கண்டதும் அடியோடு வெட்டிவிட்டு, தொட்டியைச் சற்று வெளிச்சமான பக்கம் நகர்த்தி வையுங்கள்.